வாந்தி எடுத்த பெட்டை

என் வீட்டுக்காரர் ஒரு புறாவைக் கொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தில் என்னால் ஒரு வெங்காயத்தைக்கூட உரித்து முடிக்க முடியாது. இடது கையில் உடம்பு, வலது கையின் இரண்டு விரலுக்கு நடுவில் தலை, ஒரு இழுப்பு, ஒரு திருகல், அவ்வளவுதான். அதை வாளியில் போட்டுவிட்டு, அதே கையால் அடுத்த புறாவின் நெஞ்சைத் தடவி, "நல்லா இருக்கியாடா ராஜா?" என்று கேட்பார். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. போகப் போக இறங்கியது. வாளியைக் கழுவுவதும் என் வேலையாகிப் போனது.

நாங்கள் இருப்பது ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகிற பக்கத்தில் ஒரு தாமான், புதுக் குடியிருப்பு. அவரும் நானும் பிறந்த ரப்பர் தோட்டம் இதே மண்ணில்தான் இருந்தது. மரங்களை வெட்டினார்கள், லயங்களை இடித்தார்கள், வரிசை வீடுகளைக் கட்டி எங்களுக்கே விற்றார்கள். தோட்டத்து முனியாண்டி கோயிலை மட்டும் தொடப் பயந்துபோய் சாலையோரம் விட்டுவைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கல் குவாரியில் லாரி ஓட்டுகிறார். அடுப்படிக்கு மேலே இருக்கும் மொட்டை மாடியில் பலகையும் கம்பியுமாகப் புறாக்கூடு கட்டியவர் அவர்தான். நான் துணி காயப்போடுவதற்கென்று கேட்டு வாங்கிய மாடி அது.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள். அவர் புறாக்களுக்குப் பெரட்டு வைத்திருந்தார். வேலைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அலகைத் திறந்து பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, நெஞ்செலும்பை விரலால் தடவிப் பார்ப்பார். பிடித்திருந்தால் கூட்டுக்குள், பிடிக்காவிட்டால் வாளிக்குள். "பேர் வெட்டியாச்சு" என்பார். தோட்டத்தில் உடம்புக்கு முடியாமல் அடிக்கடி படுப்பவரை அப்படித்தான் பேர் வெட்டி அனுப்புவார்கள். அவருடைய அப்பாவையும் ஒரு நாள் அப்படி அனுப்பினார்கள், குடும்பமே லயத்தைக் காலி செய்துவிட்டுச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றது. அதிலிருந்து இவர் கற்றுக்கொண்டது பேர் வெட்டுவது எப்படி என்பதை மட்டும்தான்.

புறாப் பந்தயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈப்போவில் இதற்கென்று ஒரு சங்கம் உண்டு. முக்கால்வாசிப் பேர் சீனர்கள், நம்மவர்கள் சிலர். பந்தயத்துக்கு முன் மாலையில் எல்லாருடைய புறாக்களையும் ஒரே கூடைகளில் கலந்து அடைத்து, லாரியில் ஏற்றித் தூரத்துக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தன் தன் வீட்டுக்குப் பறந்து வரும். காலில் இருக்கும் வளையம் வாசலில் பட்டதும் மிஷின் 'டிங்' என்று மணியைப் பதிந்துகொள்ளும். பருவத்தின் கடைசிப் பந்தயம் தெற்குக் கோடியில் இருக்கும் ஜோகூரிலிருந்து. அதுதான் பெரியது. அதில் முதலாவதாக வந்தவன் பேரைச் சாகும்வரை காப்பிக் கடையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

புறா வேகமாக வருவதற்கு இவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வித்தையைக் கேட்டால் வயிறு எரியும். ஆணையும் பெட்டையையும் வாரம் முழுக்கப் பிரித்து வைப்பார்கள். கூடையில் ஏற்றும் முன் கொஞ்ச நேரம் கண்ணில் மட்டும் காட்டுவார்கள். அந்த ஏக்கத்திலேயே பறந்து வந்துவிடுமாம். "இது என்னங்க பாவம்" என்று கேட்டதற்கு, "எல்லா நாட்டுலயும் இப்படித்தான் செய்றாங்க லா" என்றார். இந்த மாதிரி ஆளைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடவேண்டும் என்று என் தங்கை சொல்வாள். அங்கே புறா வளர்க்க விடமாட்டார்கள், அதனால் வரமாட்டார் என்று நான் சொல்வேன்.

கூட்டைச் சுரண்டிக் கழுவுகிற வேலை என்னுடையது. அவருக்கு முட்டி வலி, குனிய முடியாது. புறாவைப் பிடிக்க மட்டும் குனிய முடியும். இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. முதலில் சளி என்று நினைத்தேன், பிறகு ஆஸ்துமா என்றார்கள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் நிலை வந்தபிறகு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நம்ம பெண் ஒருத்திதான் டாக்டர்.

"வீட்ல புறா இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. வீடே அதுங்களோடதுதான்."

அவள் சிரிக்கவில்லை. புறாவின் இறகிலிருந்து மாவு மாதிரி உதிரும், எச்சம் காய்ந்தால் பொடியாகப் பறக்கும், என் நுரையீரல் அதை விரோதியாக எடுத்துக்கொண்டு இறுகத் தொடங்கிவிட்டது என்றாள். மருந்து கொஞ்ச நாள்தான் தாங்கும். "புறா போகணும் அக்கா. ஒண்ணுகூட இருக்கக் கூடாது. இல்லன்னா கடைசியில ஆக்சிஜன் டப்பாவோடதான் இருக்கணும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெட்ரோல் கடை தாண்டியதும் வாயைத் திறந்தார். "டாக்டருக்குப் புறாவைப் பத்தி என்னா தெரியும்?"

"என்னைப் பத்தித் தெரியுமில்ல?" என்றேன்.

அழுதேன், கத்தினேன், சமைக்காமல் இருந்தேன். கடைசியில் என் தங்கையும் அவள் புருஷனும் வந்து உட்கார்ந்து பேசி, அவரை முனியாண்டி கோயிலுக்கு இழுத்துப் போனார்கள். எதில் வேண்டுமானாலும் புளுகுவார், கற்பூரம் அடித்துச் சொன்னதை மட்டும் மாற்ற மாட்டார். அங்கே கற்பூரத்தை அடித்து அவர் செய்த சத்தியத்தைக் கேட்டு என் தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஜோகூர் பந்தயத்துல என் புறா ஒண்ணு முதலா வரட்டும். மறுநாளே கூட்டைப் பிரிச்சிடுறேன்."

இத்தனை வருஷத்தில் வராத முதலிடம். ஆக, என் மூச்சு ஒரு புறாவின் றெக்கையில் போய் மாட்டிக்கொண்டது.

பிறகு நான் என்ன செய்வேன்? இன்னும் நன்றாகக் கூட்டைக் கழுவினேன். கூடு சுத்தமாக இல்லாவிட்டால் புறா ஜெயிக்காது. புறா ஜெயிக்காவிட்டால் கூடு போகாது. மூக்கில் மாஸ்க், அதன்மேல் துண்டு கட்டிக்கொண்டு, இருமி இருமிச் சுரண்டினேன். எந்த வேலை என்னைக் கொல்லுமோ அதைத்தான் பிழைப்பதற்காகச் செய்துகொண்டிருந்தேன். அவர் கீழே நின்று, "இப்பதான் ஒழுங்கா கழுவுற" என்று பாராட்டினார்.

அந்தப் பருவத்தில் ஒரு பெட்டை தேறி வந்தது. சாம்பல் நிறம், இடது றெக்கையில் ஒரு வெள்ளை இறகு. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு பந்தயத்திலும் முன்வரிசையில் வந்து நின்றது. அவர் அதை நெஞ்சோடு அணைத்து, "இதுதான். இதுதான் லா" என்று சொல்ல ஆரம்பித்தார். முட்டையில் உட்கார்ந்திருக்கும் பெட்டை முட்டை நினைப்பிலேயே பறந்து வரும் என்பது இந்த ஆட்களின் இன்னொரு வித்தை. அதனால் அதை ஆணோடு சேர்த்து, ஜோகூர் பந்தயம் வரும்போது அடையில் இருக்கிற மாதிரி திட்டம் போட்டிருந்தார். எனக்கு அந்தப் பெட்டைமேல் பாசம் ஒன்றும் கிடையாது. அது எனக்கு வேண்டியிருந்தது. பச்சைப் பட்டாணியை அதற்குத் தனியாகப் பொறுக்கிப் போட்டேன்.

பருவத்தின் நடுவில் ஒரு பந்தயம் முடிந்து எல்லாம் திரும்பி வந்தன. சில நாள் கழித்து விடிகாலையில் நான் மாடிக்குப் போனபோது பலகையில் மக்காச்சோளம் சிதறிக் கிடந்தது. முந்தின நாள் தின்ற சோளம், உடையாமல், புளித்த வாடையோடு. பக்கத்தில் எச்சம் பச்சைத் தண்ணீராக ஓடியிருந்தது. மூலையில் இளம் புறா ஒன்று இறகை உப்பிக்கொண்டு நின்று, கழுத்தை நீட்டி நீட்டிக் கக்கியது. புறா வாந்தி எடுத்து அதுவரை நான் பார்த்ததில்லை.

அவர் முதலில் தீனிக்காரனைத் திட்டினார். பிறகு குழாய்த் தண்ணீரை. பிறகு என்னை. மறுநாள் மூன்று செத்துக் கிடந்தன. அன்றைய பெரட்டில் தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பையை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். தண்ணீர்ப் பலூன் மாதிரி தளதளவென்று இருந்ததெல்லாம் வாளிக்குப் போயின. வாளி நிறைந்ததும் சிமெண்ட் பையை எடுத்து வரச் சொன்னார்.

செத்ததில் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு ஈப்போவில் ஒரு மிருக டாக்டரிடம் போனேன். சின்ன வயது மலாய்ப் பெண். வெட்டிப் பார்த்து, ஈரலில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பினாள். திரும்பப் போனபோது, ரோட்டா என்கிற வைரஸ் என்றாள். கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருமே, அதன் குடும்பம், ஆனால் புறாவுக்கென்றே தனியாக ஒன்று. கூடையில் கலந்து அடைக்கும்போது எச்சத்திலிருந்து ஒன்றுக்கொன்று பிடித்துக்கொள்கிறது. மருந்து கிடையாது. தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுங்கள், பறக்க விடாதீர்கள், தாங்குகிற புறா ஒரு வாரத்தில் எழுந்து தின்ன ஆரம்பிக்கும் என்றாள்.

பிறகு அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். அவள் மலாயில் சொன்னது என் காதில் தமிழிலேயே விழுந்தது. "நோய் வந்து பிழைச்சதை மட்டும் கொன்னுடாதீங்க. அதுக்கு மறுபடியும் சுலபமா வராது. இன்னும் வராம நல்லா இருக்கே, அதுங்களுக்குத்தான் இனிமே பயம்."

அவர் பயபக்தியாகத் தலையாட்டினார். மோட்டாரில் ஏறியதும், "வாந்தி எடுத்த ரத்தம் கெட்ட ரத்தம். அது எங்க ஜோகூர்லேருந்து பறந்து வரப்போவுது?" என்றார்.

"அந்தப் பொண்ணு படிச்சிட்டு வந்து சொல்றா."

"நான் முப்பது வருஷமா புறா வச்சிருக்கேன். நோயில படுத்ததை நான் என்னைக்காச்சும் வச்சிருக்கேனா?"

உண்மைதான், வைத்திருந்ததில்லை. அதனால் படுத்து எழுந்த புறா எப்படிப் பறக்கும் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. இதை அன்றைக்கே அவரிடம் சொன்னேன். ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

சங்கத்தில் நோயைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. சொன்னால் கூடையில் சேர்க்க மாட்டார்கள். மற்றவர்களும் மூச்சுவிடவில்லை. ஆனால் காப்பிக் கடையில் எல்லாரும் ஒரே மருந்தின் பேரைச் சொல்லி, "சும்மா கேக்குறேன்" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களாம். எல்லார் வீட்டு மாடியிலும் வாளி நிறைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெட்டை வாந்தி எடுத்தது. நான் போனபோது இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. அதன் கூட்டுப் பெட்டிக்கு முன்னால் நான் பொறுக்கிப் போட்ட பட்டாணி, போட்டது போலவே கிடந்தது. அது கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தது. கையில் எடுத்தால் தீனிப்பை தளதளத்தது. கீழே அவர் பல் துலக்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பெரட்டு.

என் மூச்சுதான் அந்தப் பெட்டியில் சாய்ந்து கிடந்தது. இவர் விரலில் அது திருகப்படுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? பட்டாணியை முந்தானையில் வழித்தெடுத்தேன். பலகையைத் துடைத்தேன். பச்சைத் தண்ணீர்மேல் மரத்தூளைப் போட்டேன். முட்டையை மாற்றி வைப்பதற்காக அவர் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் முட்டை இரண்டை எடுத்து, பெட்டையைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தேன். அதற்கு எழுந்திருக்கச் சக்தியில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அவர் ஏறி வந்தார்.

"முட்டை வச்சிருச்சுங்க," என்றேன். "எட்டக்கயிருந்து பாருங்க. கைய வைக்காதீங்க, எறங்கிடும்."

எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. அடையில் இருக்கிற பெட்டையை அவர் தொடவே மாட்டார், அந்த மரியாதை அதற்கு உண்டு. நான் மாசமாக இருந்தபோது எனக்குக் கிடைக்காத மரியாதை. "அடிச்சோம்டா" என்று அவர் மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு வேறு ஏழெட்டுப் புறாவுக்குப் பேர் வெட்டிவிட்டு சந்தோஷமாக வேலைக்குப் போனார்.

அவர் லாரியில் இருக்கும் நேரமெல்லாம் நான் மாடியில் இருந்தேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை எடுத்து அதன் அலகைத் திறந்து விட்டேன். கக்கியது, மறுபடியும் விட்டேன். அதன் இறகு மாவு என் முகமெல்லாம் அப்பியது. நான் இருமினால் அது திடுக்கிட்டுக் கண் திறந்தது, அது கக்கினால் நான் துடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி துணி எடுக்க வந்தவள் எங்களைப் பார்த்து, "என்னாக்கா, பிள்ளைக்குப் பாலு குடுக்கிறியா?" என்றாள். செத்தால் இரண்டு பேருமே சாவோம் போடி என்றேன். ஒரு வாரத்துக்குள் அது எழுந்து நின்று, கோபமாக என் விரலைக் கொத்தியது. சில நாளில் உண்மையான முட்டையே வைத்தது. பிளாஸ்டிக் முட்டையை எடுத்து மறைத்தேன்.

கூட்டில் மிஞ்சியதெல்லாம் நோய் வராதவை. அவர் பார்வையில் தங்கம். ஜோகூருக்கு முந்தின பந்தயத்துக்கு, கிழடையும் குஞ்சையும் விட்டுவிட்டு, பறக்கக்கூடிய எல்லாவற்றையும் கூடையில் ஏற்றினார், அடையில் இருந்த பெட்டையைத் தவிர. எல்லாம் நன்றாகவே திரும்பி வந்தன. "பார்த்தியா, கெட்ட ரத்தம் ஒழிஞ்சிச்சு" என்றார். அந்த மிருக டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. கூடையிலிருந்து எதைச் சுமந்துகொண்டு வந்திருக்கின்றனவோ என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் கூட்டையே திரும்ப ஒரு தடவை சலித்தெடுப்பார், பெட்டையையும் கையில் எடுப்பார்.

அடுத்த வாரம் ஜோகூருக்குப் போயின, பெட்டையும் சேர்ந்து.

பந்தய நாளில் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வானம் சுத்தமாக இருந்தது. சுண்ணாம்புக் குன்றுக்கு மேலே கறுப்பாக ஏதாவது தெரிந்தால் எழுந்திருப்பார், காக்கை என்று தெரிந்ததும் உட்காருவார். வரவேண்டிய நேரம் தாண்டியது. சங்கத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டே இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. வழியிலேயே நோய் தலைகாட்டிவிட்டது. வழி நெடுக எண்ணெய்ப்பனை மரத்திலும் கூரையிலும் உட்கார்ந்து கக்கிக்கொண்டிருந்திருக்கின்றன. இது பிறகு தெரிந்தது.

பிற்பகலில் அது தனியாக வந்தது. சுற்றவில்லை, தயங்கவில்லை, நேராக இறங்கி வாசலுக்குள் நுழைந்தது. மிஷின் 'டிங்' என்றது. அது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டையில் போய் உட்கார்ந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், இருமினேன், மறுபடியும் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் மகள் பிறந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

சாயங்காலம் சங்கத்து ஆட்கள் மாடிக்கு வந்தார்கள். ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சீன முதலாளிதான் தலைவர், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். நான் மைலோ கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். தவுக்கே பெட்டையைக் கையில் வாங்கி, றெக்கையை விரித்துப் பார்த்து, கண்ணைப் பார்த்து, அரைகுறைத் தமிழில் கேட்டார்: "அண்ணே, எல்லா ஆள் புறாவும் சாக்கிட், சீக்கு. உங்க புறா மட்டும் எப்பிடி?"

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "ரத்தம் தவுக்கே. என் கூட்டுல நோய் கண்டது ஒண்ணு இருக்காது. பெரட்டுலயே பேர் வெட்டிடுவேன்."

வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். எனக்கு அது வராது. இத்தனை வருஷம் சுரண்டினவள், வாளி கழுவினவள், நுரையீரலைக் கொடுத்தவள் அங்கே தட்டோடு நிற்கிறேன், இவர் ரத்தம் என்கிறார்.

"அந்தப் பெட்டையும் வாந்தி எடுத்துச்சு தவுக்கே," என்றேன். "நான்தான் தொடைச்சு மறைச்சேன். பிளாஸ்டிக் முட்டை மேல உக்காத்தி வச்சேன். இவரு கையில கெடைச்சிருந்தா வாளியிலதான் போயிருக்கும். நோய் வந்து எழுந்ததுக்கு மறுபடி வராதுன்னு டாக்டர் சொன்னாங்க. இவரு கேக்கல. நல்லதையெல்லாம் கொன்னுட்டு, நோய் வரவேண்டியதையெல்லாம் ஜோகூருக்கு அனுப்புனாரு. நீங்களுந்தான்."

தவுக்கே பெட்டையைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர், "அப்ப இதுதான் கூடையில எல்லாத்துக்கும் குடுத்திருக்கு" என்றார். இது வாந்தி எடுத்தது எத்தனையோ வாரத்துக்கு முன்னால், உங்கள் வீட்டு வாளியும் நிறைந்ததுதானே என்று நான் கேட்பதற்குள் படியில் இறங்கிவிட்டார்கள். மைலோ அப்படியே இருந்தது. முதலிடத்தை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை, மிஷினில் பதிந்தது பதிந்ததுதான்.

அவர் மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல மாடிக்கு ஏறினார். நான் அடுப்படியில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மேலே றெக்கை அடிக்கும் சத்தம், பிறகு வாளியில் 'தொப்', மறுபடி 'தொப்'. முந்தின நாள் சாயங்காலம் நோயோடு தள்ளாடி வந்து சேர்ந்த சிலதைக் கழிக்கிறார் என்று நினைத்தேன். சத்தம் நிற்கவே இல்லை. ஏறிப் போனபோது பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. நோய் வந்தது, வராதது, கிழடு, குஞ்சு, எல்லாம்.

"வித்துடலாம்னு சொன்னீங்களே?" என்றேன். அப்படி அவர் சொன்னதே இல்லை. நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வித்தா திரும்பி இங்கதான் வரும். வந்து பார்த்தா கூடு இருக்காது. தண்ணி இல்லாம இந்த ஓட்டு மேல நின்னு சாவும். உனக்கு அதுதான் வேணுமா?" குரல் உயரவில்லை. அடுத்ததைக் கையில் எடுத்து, "வாடா ராஜா" என்றார். "நீதானே கேட்ட. கற்பூரம் அடிச்சேன்ல."

மத்தியானத்துக்குள் பலகையெல்லாம் பிரித்துக் கீழே போட்டாயிற்று. கடைசியில் அந்தப் பெட்டையை என் கையில் வைத்தார். "இது உன்னோடது. நீ காப்பாத்துனது. நீயே வச்சிக்க."

அடுப்படியில் ஒரு கம்பிக் கூண்டில் அதை வைத்தேன். ஒரு வாரத்திலேயே மறுபடியும் நெஞ்சு கரகரத்தது. தவுக்கேவுக்குப் போன் செய்தேன், குஞ்சு எடுக்கிறவர்கள் ஜெயித்த பெட்டைக்கு அடித்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "அக்கா, சாக்கிட் புறா யாரும் வேணாம்," என்று வைத்துவிட்டார். சங்கத்தில் இன்னும் நாலு பேரைக் கேட்டேன். அவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஜோகூரிலிருந்து நோயில்லாமல் நேராகப் பறந்து வந்த ஒரே ஒரு புறா அது. வாந்தி எடுத்தது என்று தெரிந்தபிறகு அதைக் கையால் தொடக்கூட ஆள் இல்லை.

லூமுட்டில் இருக்கும் என் மகளிடம் கொடுத்தனுப்பினேன். சில வாரம் அடைத்து வைத்திருந்தாள். ஒரு நாள் தீனி போடக் கதவைத் திறந்தபோது நழுவிவிட்டது. எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டு அவள் போன் செய்து அழுதுகொண்டிருக்கும்போதே அது என் தலைக்கு மேலே மாடியில் வந்து இறங்கியது. வெறும் சிமெண்ட் தரையில், வாசல் இருந்த இடத்துக்கு நேராக நின்றுகொண்டு, முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு நடை. முட்டையைத் தேடியது. அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே, "என்னா, உன் பிள்ளை வந்திருச்சா? சாப்பாடு போடு" என்றார். அதற்குப் பிறகு தினமும் வேலையிலிருந்து வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

மறுபடியும் படம் எடுத்தார்கள். அந்த டாக்டர் பெண் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் எங்கயோ ஒண்ணு இருக்கு அக்கா" என்றாள். இருக்கிறது என்றேன். அவள் மருந்தைக் கூட்டி எழுதினாள்.

வீட்டுக்கு வந்து நேராக மாடிக்கு ஏறினேன். பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற முடிந்தது. என்னைப் பார்த்ததும் அது ஓடி வந்தது, பட்டாணி கொண்டு வருகிறேன் என்று. இடது கையில் உடம்பை எடுத்துக்கொண்டேன். அது சுலபமாக வந்தது, என்னிடம் அதற்குப் பயம் கிடையாது. அவர் செய்வதை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன், எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். தெரியவில்லை. என் கையில் பலம் போதவில்லை. அது றெக்கையை அடித்துக்கொண்டு, கண் திறந்தபடி, என் மணிக்கட்டைக் கீறியது.

"என்னங்க!" என்று கத்தினேன். "என்னங்க, கொஞ்சம் மேல வாங்களேன்!"

அவர் படியின் அடியில் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தார். என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

"நீயே பாரு," என்றார். திரும்பிப் போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நானே பார்த்தேன். ரொம்ப நேரம் ஆனது.

இப்போது மாடியில் துணி காய்கிறது. படியில் எங்கும் உட்காராமல் ஏறி இறங்குகிறேன், டாக்டர் பெண் மருந்தைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். மூச்சு நன்றாகவே வருகிறது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். வேறு எதற்காகவும் அந்தப் பெட்டையை நான் காப்பாற்றவில்லை.